பத்து வயதில் பரிசுத்தவான்

1859 அக்டோபர் 12 அன்று மாலை, இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன் மாவட்டத்தில், விளக்குகள் எரிந்த ஒரு சபை மண்டபத்தில், திரண்டிருந்த கூட்டத்தின் முன்னால் எட்மண்ட் காஸ் என்ற சிறுவன் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தான். பத்து வயது நிறைந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அவனுடைய சபையில் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கிடையாது. தான் இரட்சிக்கப்பட்டதைத் தன் வாயாலேயே சாட்சி சொல்லத் தெரிந்த வளர்ந்தவர்களுக்குத்தான் அது. இவனை மட்டும் விதிவிலக்காக்க மூப்பர்கள் இருவர் வந்து விசாரித்தார்கள். கேட்ட கேள்விக்கெல்லாம் பையன் தடங்கலின்றிப் பதில் சொன்னான். மறுபடியும் பிறந்தவன்தான் என்று அவர்கள் சான்று கொடுத்துவிட்டார்கள். அன்றுமுதல் ஞாயிறுதோறும் பெரியவர்களோடு உட்கார்ந்து அப்பம் பிட்கும் உரிமை அவனுக்கு வந்தது. கிடைத்த பதவியை அவன் கொண்டாடிய விதம் இது: ஆராதனைக்கு நடுவே மற்றப் பையன்களைப் பார்த்து நாக்கை நீட்டிப் பழிப்புக் காட்டினான். நான் பரிசுத்தவான்களில் ஒருவன், நீங்கள் இல்லை என்று அவர்களுக்கு நினைவூட்ட வேண்டுமே.

இதை நமக்குச் சொல்பவர் அதே எட்மண்ட்தான். அப்போது அவருக்கு வயது 58. 'தந்தையும் மகனும்' என்ற அவருடைய நூலை 1907இல் லண்டனின் ஹைன்மன் பதிப்பகம் ஆசிரியர் பெயர் போடாமல் வெளியிட்டது. கண்டிப்பான வேதாகமக் குடும்பத்தில் வளர்ந்து வெளியேறிய பிள்ளைகள் எழுதிய நினைவுநூல்கள் ஆங்கிலத்தில் இன்று ஒரு தனி வகையாகவே பெருகிவிட்டன. அவற்றுக்கெல்லாம் மூத்தது என்று இதைச் சொல்லலாம். அடிப்படைவாதம் என்ற பெயர் இந்தக் குடும்பத்துக்குப் பின்னால் வந்தது. 1910க்கும் 1915க்கும் இடையில் அமெரிக்காவில் வெளியான 'அடிப்படைகள்' என்ற நூல்வரிசையிலிருந்து பிறந்த பெயர் அது. ஆனால் அந்த இயக்கத்துக்குக் கடைசிக் காலம் பற்றிய போதனையை வகுத்துக் கொடுத்த ஜான் நெல்சன் டார்பி, காஸ் குடும்பம் சேர்ந்திருந்த பிளிமத் சகோதரர் இயக்கத்தின் முதல் தலைவர்களில் ஒருவர். பெயர் பிந்தியது, பொருள் அங்கேயே இருந்தது.

சகோதரர் சபையில் குருவானவர் கிடையாது. விசுவாசியான எந்த ஆணும் எழுந்து பேசலாம், பெண்கள் பேசக்கூடாது. வேதாகமத்தில் எழுதியிருப்பது எழுதியிருக்கிறபடியே உண்மை. கர்த்தர் இன்று மாலைகூட வந்துவிடலாம். நாகர்கோவிலிலோ தூத்துக்குடியிலோ பிரதரன் சபைக்காரர்களைப் பக்கத்து வீட்டில் கொண்ட எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

தந்தை ஃபிலிப் ஹென்றி காஸ் இத்தகைய வீடுகளில் நாம் எதிர்பார்க்கும் ஆள் அல்லர். அவர் விஞ்ஞானி. நியூஃபவுண்ட்லாந்திலும் அலபாமாவிலும் பூச்சிகளை ஆராய்ந்தவர், ஜமைக்காவின் பறவைகளைப் பற்றி நூல் எழுதியவர். கடல் உயிரினங்களைக் கண்ணாடித் தொட்டியில் உயிரோடு வளர்க்கும் முறையைப் பரப்பி, 'அக்வேரியம்' என்ற சொல்லை வீட்டுச் சொல்லாக்கியவர் அவர்தான். 1856இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். மகன் பிறந்த 1849 செப்டம்பர் 21 அன்று அவருடைய நாட்குறிப்பில் மனைவிக்கு ஆண் குழந்தை பிறந்ததும், ஜமைக்காவிலிருந்து பச்சைத் தகைவிலான் ஒன்று வந்து சேர்ந்ததும் அடுத்தடுத்துப் பதிவாகியிருக்கின்றன. இதைக் கல்நெஞ்சுக்குச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. எட்மண்டே தந்தைக்காக வாதாடுகிறார்: முதலில் வந்தது குழந்தை, அதனால் அது முதலில் எழுதப்பட்டது, அப்பாவின் துல்லியம் அப்படி.

தாய் எமிலி துண்டுப் பிரசுரங்கள் எழுதிப் பேர் வாங்கியவர். சிறுமியாக இருந்தபோது அவருக்குக் கதை கட்டிச் சொல்வதில் அலாதி ஆசை. அது பாவம் என்று வீட்டு ஆசிரியை சொல்லிவிட்டார். அதை வாழ்நாள் முழுக்க நம்பியவர், தன் பிள்ளைக்கு ஒரு கதைகூடச் சொல்லவில்லை. நடக்காததை நடந்ததாகச் சொல்வது பொய், பொய் சொல்வது பாவம். எனவே 'ஒரு ஊரில் ஒரு ராஜா' என்று தொடங்கும் எதுவும் அந்த வீட்டுக்குள் நுழையவில்லை. கடற்பிராணிகள் பற்றியும் வேதாகமத் தீர்க்கதரிசனம் பற்றியும் பேசத் தெரிந்த பையனுக்கு தேவதை தெரியாது, கடற்கொள்ளையன் தெரியாது.

ஐந்தாறு வயதில் அவனுக்குள் இரண்டு விஷயங்கள் நடந்தன. அப்பா ஏதோ ஒன்றைத் தவறாகச் சொன்னார். அது தவறு என்று பையனுக்குத் தெரிந்திருந்தது. அப்பாவுக்கும் எல்லாம் தெரியாது என்ற கண்டுபிடிப்பு இடியாக இறங்கியது. சில நாள் கழித்துத் தோட்டத்து நீரூற்றின் குழாயில் அவன் விளையாட்டாக ஓட்டை போட்டான். பழி குழாய் வேலை செய்தவர்கள் மேல் விழுந்தது. கடவுளுக்கு அடுத்தபடியாக எல்லாம் அறிந்தவர் என்று எண்ணியிருந்த மனிதர் தன் மகனைச் சந்தேகிக்கவே இல்லை. தனக்குள் இன்னொருவன் இருக்கிறான், அவனிடம் மட்டும் உள்ளதைப் பேசலாம் என்று அப்போது அவனுக்குத் தோன்றியதாம்.

இரண்டாவது, நாற்காலி. மரத்தையும் கல்லையும் வணங்குகிறவன் மேல் கர்த்தர் கோபம் கொள்வார் என்று அப்பா சொல்லியிருந்தார். ஒருநாள் காலை வீட்டில் ஆளில்லாத நேரம் பார்த்து, பையன் ஒரு சிறு நாற்காலியைத் தூக்கி மேசைமேல் வைத்தான். முழந்தாளிட்டான். வழக்கமாகச் செய்யும் ஜெபத்தையே செய்தான், கர்த்தர் பெயர் வர வேண்டிய இடத்தில் நாற்காலியை அழைத்தான். பிறகு ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தான். ஒன்றும் நடக்கவில்லை. கடவுள் இல்லை என்ற முடிவுக்கு அவன் வரவில்லை. இந்த ஒரு விஷயத்தில் அப்பாவுக்குத் தெரிந்தது போதாது என்ற முடிவுக்கு வந்தான்.

நாற்காலிக் கதையைப் படிப்போர் பொதுவாகச் சிரித்துவிட்டுக் கடந்துபோகிறார்கள். எனக்கு இதுதான் இந்த நூலின் மையமாகப் படுகிறது. ஒரு கருதுகோள், ஒரு செயல், காத்திருப்பு, விளைவைப் பார்த்து ஒரு முடிவு: பையன் செய்தது பரிசோதனை. கண்ணால் காண்பதை மட்டும் எழுது, தெரியாததைத் தெரியாது என்று சொல் என்று கடலோரப் பாறைக் குட்டைகளில் அப்பா கற்றுக்கொடுத்த முறையே இது. விசுவாசத்தை அரித்த கருவி வெளியிலிருந்து வரவில்லை. அப்பாவே அதைக் கையில் கொடுத்திருந்தார்.

1856இல் தாய்க்கு மார்பில் புற்றுநோய் கண்டது. ஃபெல் என்ற அமெரிக்க மருத்துவர் களிம்பு வைத்துச் செய்த சிகிச்சை தாங்க முடியாத வேதனை கொடுத்தது. அந்த மாதங்களில் நோயாளிக்கு உற்ற துணையாக இருந்தவன் ஏழு வயது மகன். 1857 பிப்ரவரியில் அவர் இறந்தார். பிள்ளையைக் கர்த்தருக்கு ஒப்புக்கொடுத்து, அவனைத் தன் வழியிலேயே கூட்டிவர வேண்டும் என்று கணவரிடம் கேட்டுக்கொண்டு இறந்தார். அதன்பின் நடந்த எதையும் இந்த வாக்கை விட்டுவிட்டுப் புரிந்துகொள்ள முடியாது. மகனின் ஆத்துமா தந்தைக்கு வெறும் கொள்கை விவகாரம் அல்ல, மனைவிக்குத் தீர்க்க வேண்டிய கடன்.

அதே ஆண்டு அவர் விஞ்ஞானியாகவும் தோற்றார். பாறை அடுக்குகள் உலகின் வயதைக் கோடிக்கணக்கில் காட்டுகின்றன, ஆதியாகமம் ஆறு நாள் என்கிறது. இரண்டையும் காப்பாற்ற அவர் எழுதிய நூல் 'ஓம்ஃபலோஸ்', அதாவது தொப்புள். தாய் வயிற்றில் பிறக்காத ஆதாமுக்கும் தொப்புள் இருந்திருக்கும், மரங்கள் உருவான கணத்திலேயே வளையங்களோடு உருவாகியிருக்கும், அதுபோல உலகமும் புதைபடிவங்களோடு சேர்த்தே படைக்கப்பட்டது என்பது வாதம். தர்க்கத்தில் ஓட்டையே கிடையாது, யாராலும் மறுக்க முடியாது. அதனாலேயே யாருக்கும் அது பயன்படவில்லை. நாத்திகர்கள் சிரித்தார்கள். நண்பரும் பாதிரியாருமான சார்ல்ஸ் கிங்ஸ்லியே, கடவுள் பாறைகளில் பொய் எழுதி வைத்தார் என்பதைத் தன்னால் ஏற்க முடியாது என்று கடிதம் எழுதினார். இரண்டு ஆண்டு கழித்து, எட்மண்டின் ஞானஸ்நானத்துக்கு ஆறே வாரத்தில், டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' வெளியாயிற்று.

1857 இலையுதிர் காலத்தில் தந்தையும் மகனும் டெவன் கடற்கரையில் செயின்ட் மேரிசர்ச் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தார்கள். அந்த ஊர்ச் சபைக்குத் தந்தைதான் வழிகாட்டி. அவ்வாண்டு கிறிஸ்துமஸுக்கு ஒரு சம்பவம். கிறிஸ்துமஸ் கொண்டாடாத கிறிஸ்தவ வீடு என்றால் மற்றவர்கள் வியக்கலாம். பிரதரன் சபையையும் சில பெந்தெகோஸ்தே சபைகளையும் அறிந்தவர்கள் வியக்க மாட்டார்கள்: வேதத்தில் தேதி இல்லை, பண்டிகை ரோமச் சபையின் ஏற்பாடு, ஆகவே கூடாது. வேலைக்காரப் பெண்கள் தங்களுக்கென்று ரகசியமாகச் சிறிய பிளம் புட்டிங் செய்து, பாவம் என்று பையனுக்கும் ஒரு துண்டு கொடுத்தார்கள். தின்றான். வயிறு வலித்தது, கூடவே மனசாட்சியும். அப்பாவிடம் ஓடி, விக்கிரகங்களுக்குப் படைத்ததைத் தின்றுவிட்டேன் என்று அழுதான். அப்பா அவன் கையைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குள் பாய்ந்தார், மிச்சமிருந்த புட்டிங்கைத் தட்டோடு தூக்கினார், குப்பைமேட்டுக்கு ஓடிச் சாம்பலுக்குள் ஆழமாகச் செருகினார். பையன் உச்சரித்தது பவுல் அப்போஸ்தலன் கொரிந்தியருக்கு எழுதிய விவகாரம். எட்டு வயதில் வயிற்றுவலிக்கும் அவனிடம் இருந்த மொழி அது ஒன்றுதான்.

இன்னொரு சம்பவத்தில் அந்த மொழியே திருப்பித் தாக்கியது. பிரவுன் என்ற குடும்பத்தார் ஒரு விருந்துக்குப் பையனை அழைத்தார்கள். அப்பாவுக்கு விருப்பமில்லை. ஆனால் தடை போடாமல், கர்த்தரிடமே கேட்டு முடிவு செய்வோம் என்றார். இருவரும் முழந்தாளிட்டார்கள். அப்பா சத்தமாக நெடுநேரம் ஜெபித்தார், உலக இன்பங்களின் ஆபத்தையும் கர்த்தருக்கு நினைவூட்டினார். எழுந்ததும் கர்த்தர் என்ன பதில் தந்தார் என்று மகனைக் கேட்டார். பையன் பயத்தில் நடுங்கினாலும் குரல் உயர்ந்தது: பிரவுன் வீட்டுக்குப் போகலாம் என்று கர்த்தர் சொல்லிவிட்டார். அப்பா வாயடைத்துப் போய் அறையை விட்டு வெளியேறிக் கதவை அறைந்து சாத்தினார். அவரிடம் பதில் இல்லை. விசுவாசி ஒவ்வொருவனும் கர்த்தரிடம் நேரே கேட்டறியலாம் என்பது அவர் சபையின் அஸ்திவாரம். இவன் ஞானஸ்நானம் பெற்ற விசுவாசி வேறு.

இங்கேதான் இந்த வளர்ப்பின் விசித்திரம் பிடிபடுகிறது. பத்து வயதில் பெரியவன் என்று சபை முத்திரை குத்திவிட்டது. இனி அவன் வளர்ந்து அடைய வேண்டிய நிலை எதுவும் மிச்சமில்லை. வழுக்கி விழாமல் இருப்பது ஒன்றே வேலை. சந்தேகம், ஆசை, சலிப்பு என்று பதின்ம வயதுக்கு இயல்பான எதற்கும் அங்கே 'பின்மாற்றம்' என்பதைத் தவிர வேறு பெயர் இல்லை. எனவே பருவம் வந்தபோது அது திருட்டுத்தனமாக வந்தது.

கற்பனை அதற்கும் முன்பே நுழைந்திருந்த வழிகள் வேடிக்கையானவை. பரணில் கிடந்த ஒரு பழைய பெட்டியின் உட்புறத்தில் பரபரப்பு நாவல் ஒன்றின் தாள்கள் ஒட்டப்பட்டிருந்தன. கட்டுக்கதை என்ற ஒன்று உண்டென்றே தெரியாத பையன், எங்கோ உண்மையில் நடந்த கொடுமை என்று நம்பி அவற்றைப் படித்துப் பதறினான். இன்னொரு வழி அப்பாவின் ஆய்வுமேசை. அப்பாவின் நூல்களைப் போலவே தானும் கடற்பிராணிகளை வர்ணத்தில் வரைந்து குறிப்பெழுதி நூல் செய்வது அவன் பொழுதுபோக்கு. அதில் நிஜ இனங்களுக்கு நடுவே, நீலப் புள்ளியும் சிவந்த விரல்களும் கொண்ட தானே கற்பித்த இனங்களையும் நுழைத்தான். அப்பா சங்கடப்பட்டார். தாய் வாசலில் தடுத்து நிறுத்திய கற்பனை, உயிரியல் வேடம் போட்டுக் கொல்லைப்புறமாக வீட்டுக்குள் வந்துவிட்டது. அதே பையன் 1859இல் பாறைக் குட்டையில் பிடித்த ஒரு கடற்சாமந்தியை நிஜமாகவே புதிய இனம் என்று அப்பா தன் நூலில் பதிவு செய்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

1860 டிசம்பரில் வந்த சிற்றன்னை எலிசா பிரைட்வென் கதவை இன்னும் கொஞ்சம் திறந்தார். வால்டர் ஸ்காட்டின் கவிதைகள் வந்தன, நாவல்கள் கூடாது. டிக்கன்ஸின் 'பிக்விக்' எப்படியோ அனுமதி பெற்றது. கிரேக்கச் சிலைகளின் படங்களைப் பார்த்து மயங்கிய பையனுக்கு, அந்தத் தெய்வங்கள் அஞ்ஞானிகளின் துர்க்குணங்கள் விழுத்திய நிழல்கள் என்று அப்பா விளக்கம் சொன்னார்.

1864இல் ஷேக்ஸ்பியரின் முந்நூறாவது பிறந்தநாளை நாடு கொண்டாடியபோது, அப்பாவோடு லண்டனில் ஒரு சுவிசேஷ மாநாட்டுக்கு எட்மண்ட் போயிருந்தான். மேடையிலிருந்த ஒருவர், ஷேக்ஸ்பியர் இந்த நிமிடம் நரகத்தில் வெந்துகொண்டிருக்கிறார் என்று முழங்கினார். பள்ளியில் ஷேக்ஸ்பியரை அப்போதுதான் ருசித்திருந்த பதினான்கு வயதுப் பையனுக்கு நெஞ்சு அடைத்தது. பிறகு அப்பா தாமாகவே பேச்செடுத்தார். அந்தச் சகோதரர் அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது, அந்தக் கவிஞர் கடைசி நேரத்தில் மனந்திரும்பியிருக்கலாம், நமக்கென்ன தெரியும் என்றார். நாடகம் என்றாலே விலகிப்போகும் மனிதர், மகன் முகத்தைப் பார்த்து ஷேக்ஸ்பியருக்கு நரகத்திலிருந்து ஜாமீன் வாங்கிக் கொடுக்கிறார். இந்த நூலில் தந்தையை நான் அதிகம் நேசிப்பது இந்தப் பக்கத்தில்தான்.

விடுதிப் பள்ளியின் கடைசி நாட்களில் ஒரு கோடை மாலை. எட்மண்டுக்குப் பதினாறு பதினேழு வயது. ஜன்னலருகே தனியாக இருந்தவனுக்கு உணர்ச்சி பெருக்கெடுத்தது. கர்த்தரே, இப்போதே வந்து என்னை எடுத்துக்கொள்ளும், நான் முழுக்க உம்முடையவனாக இருக்கும் இந்த நேரத்திலேயே வாரும் என்று கெஞ்சினான். வானம் சிவந்து மங்கியது. தேநீருக்கு மணி அடித்தது. கர்த்தர் வரவில்லை, வரவே மாட்டார் என்று உள்ளே ஏதோ முறிந்தது. நாற்காலிப் பரிசோதனையின் மறுபாதி இது. முன்பு தண்டனைக்குக் காத்திருந்தான், இப்போது மீட்புக்கு. இரண்டு முறையும் வானம் ஒன்றும் சொல்லவில்லை.

1867 தொடக்கத்தில், பதினேழு வயதில், பிரிட்டிஷ் மியூசியத்தில் வேலைக்கென்று லண்டன் போனான். அப்பாவின் கடிதங்கள் கிட்டத்தட்ட நாள் தவறாமல் வந்தன. இன்று வேதம் வாசித்தாயா, யாரோடு பழகுகிறாய், கர்த்தரோடு உன் உறவு எப்படி? பொய் சொல்லவும் முடியாமல், உண்மை சொல்லவும் துணியாமல் இளைஞன் மழுப்பினான். கடைசியில் ஒருமுறை ஊருக்கு வந்தபோது, அப்பா ஆசையாக வளர்த்த ஆர்க்கிட் பூக்களின் கண்ணாடி வீட்டுக்குள் விசாரணை தொடங்க, மகன் வெடித்துவிட்டு வெளியே ஓடினான். தந்தையின் நீண்ட கடிதம் ஒன்று பின்தொடர்ந்தது. தன் உள்வாழ்வைத் தானே அமைத்துக்கொள்ளும் உரிமையை மகன் எடுத்துக்கொள்வதோடு நூல் முடிகிறது.

இதையெல்லாம் எவ்வளவு நம்பலாம்? எட்மண்ட் காஸ் துல்லியத்துக்குப் பேர்போனவர் அல்லர். 1886இல் விமர்சகர் சர்ட்டன் காலின்ஸ் அவருடைய கேம்பிரிட்ஜ் சொற்பொழிவு நூலைத் தேதி தேதியாகப் பிழை காட்டிக் கிழித்தெறிந்தார். தந்தை இறந்த இரண்டாம் ஆண்டு, 1890இல், அவரே எழுதிய தந்தையின் வாழ்க்கை வரலாற்றில் தெரியும் மனிதர் இதைவிட இதமானவர். ஆன் த்வெய்ட் முதலில் மகனின் வரலாற்றையும் (1984) பிறகு தந்தையின் வரலாற்றையும் (2002) எழுதினார். கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் புரட்டிய அவர் கண்ட தந்தை நகைச்சுவை உள்ளவர், பிள்ளைமேல் உயிரையே வைத்திருந்தவர். 1907இன் நூல் இருட்டைக் கூட்டிக் காட்டுகிறது என்பது அவர் தீர்ப்பு.

தந்தையைப் பற்றிய அளவில் அந்தத் திருத்தம் சரி என்றே நினைக்கிறேன். ஆனால் மகனின் வழக்கு அதனால் தள்ளுபடி ஆகிவிடாது. கடிதம் எழுதியவரின் அன்பைக் கடிதமே நிரூபிக்கும். அதைக் காலையில் பிரித்துப் படித்தவன் வயிற்றில் அது என்ன செய்தது என்பதற்குப் படித்தவனைத் தவிர வேறு சாட்சி இல்லை. ஃபிலிப் காஸ் கொடுமைக்காரராக இருந்திருந்தால் எட்மண்ட் பதினைந்தில் ஓடிப்போயிருப்பான். பாசமாக இருந்ததால்தான் இருபத்தொன்று வரை ஆயிற்று. கட்டுப்பாடான வீடுகளைப் பற்றிப் பேசும்போது நாம் அடியையும் சூட்டையும் தேடுகிறோம். உன்னை நித்தியத்துக்கும் இழந்துவிடுவேனே என்று உண்மையாகவே நம்பிக் கண்ணீர் விடும் ஒருவரை எதிர்ப்பது அதைவிடக் கடினம்.

வெளியேறிய எட்மண்ட் பெரிய இலக்கியப் புள்ளியானார், 1904 முதல் 1914 வரை பிரபுக்கள் சபையின் நூலகர், 1925இல் சர் பட்டம். இந்தியருக்கு அவர் வேறு வகையில் அறிமுகம். வங்காளத்துக் கிறிஸ்தவக் குடும்பத்தில் வளர்ந்து 21 வயதில் இறந்த தோரு தத்தின் கவிதைகளுக்கு 1882இல் முன்னுரை எழுதியவர் அவரே. ஆங்கிலேயர் போல எழுதாதே, உன் நாட்டை எழுது என்று இளம் சரோஜினி நாயுடுவுக்குப் புத்தி சொன்னவரும் அவரே.

தமிழ்நாட்டோடு உள்ள தொடர்பு இன்னும் நெருங்கியது. காஸ் குடும்பம் குடியேறிய அதே டெவனில், எக்ஸிட்டர் நகரில் பல் வைத்தியராக இருந்த ஆந்தனி நாரிஸ் குரோவ்ஸ் சகோதரர் இயக்கத்தின் முன்னோடிகளில் ஒருவர். தொழிலை விட்டு பாக்தாத் போய், 1833இல் இந்தியா வந்தார். பாளையங்கோட்டையில் ரேனியஸ் என்ற மிஷனரியிடம் படித்த ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் அவருடைய தோழரானார், 1840இல் கிறிஸ்தியான்பேட்டையை நிறுவினார். டெவனில் எட்மண்ட் புதிதாக அப்பம் பிட்டுக்கொண்டிருந்த 1860இல், திருநெல்வேலிச் சீமையில் அருளப்பனைச் சுற்றிப் பெரிய எழுப்புதல் நடந்தது. நகையில்லாத கழுத்து, முக்காடிட்ட தலை, சினிமா இல்லாத வீடு, ஞாயிறு காலை அப்பம் பிட்குதல் என்று நம்மூரில் காணும் வாழ்க்கைக்கும் அந்த டெவன் மண்டபத்துக்கும் வேர் ஒன்றே.

அந்த வீடுகளில் வளர்ந்து உள்ளேயே இருப்பவர்களும் வெளியே வந்தவர்களும் இன்று நம்மிடையே ஏராளம். அவர்கள் எழுத வேண்டும். சபையைத் திட்டுவதற்காகவோ சாட்சி சொல்வதற்காகவோ வேண்டாம். இரண்டுக்கும் ஏற்கெனவே மேடை இருக்கிறது. புட்டிங்கும் நாற்காலியும் போன்றவற்றை எழுதுங்கள். ஒரு வேண்டுகோள்: அப்பாவின் கடிதங்களையும் பக்கமெல்லாம் அடிக்கோடிட்ட வேதாகமத்தையும் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். எட்மண்ட் சொன்னதைச் சரிபார்க்க முடிந்தது, அந்த வீட்டுக் காகிதங்கள் பிழைத்திருந்ததால்தான்.